முட்டிக்குக் கீழே

துண்டுக்கடியில் கையை விட்டு என் காலுக்கு விலை முடித்தவன் நீதான், இல்லையென்று சொல்லிப் பார் என்று பொங்கியண்ணன் மனசுக்குள் யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வாய் அசையவில்லை. அசைந்தால் கட்டிலுக்குக் கீழே பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மயிலாத்தாள், புருஷனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடப் போய்விடுவாள். இடது கால் இரண்டு தலையணை மேல் ஏறிக் கிடந்தது, விருந்தாளி மாதிரி. கெண்டைக்கால் வரைக்கும் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே மஞ்சளாக ஒரு ஈரம் ஊறிக்கொண்டிருந்தது, அதன் நாற்றம் பினாயில் நாற்றத்தையும் தாண்டி வந்தது. வலி மட்டும் இல்லை. அதுதான் எரிச்சல். வலித்தால் திட்டலாம், பல்லைக் கடிக்கலாம், வலிக்காத காலை வைத்துக்கொண்டு மனுஷன் யாரோடு சண்டை போடுவது. டாக்டரம்மா தஸ்னீம் காலையில் வந்ததுமே சொல்லிவிட்டாள், முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே, அரசாங்கக் காப்பீட்டில் அனுமதி வந்துவிட்டது, ரவுண்ட்ஸ் முடித்துக்கொண்டு வருகிறேன், சம்மதமா இல்லையா என்று ஒரே வார்த்தையாகச் சொல்லுங்கள், நாளைக்குத் தள்ளினால் முட்டிக்கு மேலேதான். சொல்லிவிட்டு வார்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். இப்போது ஒவ்வொரு கட்டிலாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறாள். அவள் கழுத்தில் தொங்கும் குழாய் ஆடுவது இங்கிருந்தே தெரிகிறது. அனுமதி வந்துவிட்டதாம். யாரிடமிருந்து வந்தது. கால் யாருடையது, அனுமதி யாருடையது.

சந்தையில் அவரும் துண்டுக்கடியில் கை கோத்தவர்தான், கோத்தே பிழைத்தவர்தான். விடியக் கருக்கலில், சாணி நாற்றமும் பீடிப் புகையும் பனியோடு கலந்து நிற்கும்போது, இரண்டு தரகர்கள் எதிரெதிரே நின்று ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்து அழுத்தினால் ஒரு கணக்கு, நாலையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு கணக்கு. பார்க்கிறவனுக்கு ரெண்டு பேர் சும்மா ஊர்க்கதை பேசுகிற மாதிரி இருக்கும், உள்ளே ஒரு மாட்டின் விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எத்தனை கைகளைப் பிடித்திருப்பார். கை வேர்த்தால் அவசரக்காரன், விரல் இறுகினால் விட மனசில்லாதவன், முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் நீ ஒன்றைக் கவனி, என்றார் அந்த யாரோவிடம், என்னதான் துண்டைப் போட்டு மூடினாலும் மாட்டுக்காரன் பக்கத்திலேயே நிற்பான். கயிறு அவன் கையில் இருக்கும். கட்டுப்படியாகாது என்று அவன் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தால் தரகன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். என் காலுக்கு நீயும் அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்காரனும் விரலைப் பிடித்தீர்களே, அப்போது என்னை எங்கே நிற்க வைத்தாய்.

நேற்று இந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசைப் பெண்ணிடம் மயிலாத்தாள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். பாவம் நல்ல பெண், குரல் உயர்த்தாமல் பேசினாள், அதனால்தான் அவருக்குக் கத்த முடியாமல் போயிற்று. முட்டிக்குக் கீழே எடுக்க ஒரு விலை, முட்டிக்கு மேலே எடுக்க ஒரு விலை, முன்பாதத்தோடு நிறுத்தினால் ஒரு விலை என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் அரசாங்கமே கட்டிவிடுமாம், உங்களுக்கு ஒரு காசு செலவில்லை, கவலைப்படாதீங்கப்பா என்றாள். சரி அம்மிணி, வெட்டுறதுக்கு விலை இருக்குது, கட்டுப் போடறதுக்கு என்ன விலை போட்டிருக்குதுன்னு பார்த்துச் சொல்லு என்று கேட்டார். அவள் மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். டிரெஸ்ஸிங் இதுல வராதுங்கப்பா, படுக்கையில சேர்த்தாத்தான் திட்டம், வந்துட்டுப் போற நோயாளிக்கு இல்லை என்றாள். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, மேலிடத்து முடிவுங்கப்பா என்று அவள் விரலை மேலே காட்டினாள். கூரையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அங்கேதான் இருக்கிறாய் போலிருக்கிறது நீ.

ஊரில் கட்டுப் போடுகிற அமலி சிஸ்டர் இருந்தவரைக்கும் இந்தக் கால் காலாகத்தான் இருந்தது. சந்தையில் ஒரு மொரட்டு எருமை மிதித்தது, மிதித்ததே அவருக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது செருப்பு ரத்தமாக இருந்ததைப் பார்த்து மயிலாத்தாள்தான் அலறினாள். சர்க்கரை வந்த கால் அப்படித்தானாம், உணர்ச்சி செத்துப்போய்விடும். ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் சின்ன அறை, ஒரு ஸ்டூல், ஒரு பேசின், ஒரு மேசை, அமலி சிஸ்டர். அவ்வளவுதான் சொத்து. அவள் ஊசி முனையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டாள், தெரியுதா, இங்கே தெரியுதா. தெரியுது, தெரியுது என்று இவர் தலையாட்டினார். மாட்டை விற்கப் பிடித்து நிற்கிறவன் எவனாவது என் மாட்டுக்குக் கண்ணு மங்கல் என்று சொல்வானா, அந்தப் பழக்கம்தான். அவள் ஊசியை எடுத்துக் காட்டி, நான் இப்ப தொடவே இல்லைங்க பெரியவரே, என்கிட்டயே மாட்டு யாவாரமா என்று சிரித்தாள். அதிலிருந்து அவளிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. தினமும் காலையில் போனால் கழுவி, செத்த தோலைக் கத்தரித்து, மருந்து வைத்துக் கட்டுவாள். கட்டிக்கொண்டே திட்டுவாள், பீடியை விடச் சொல்வாள், வெறுங்காலோடு நடந்தீங்கன்னா கட்டைப் பிரிச்சு உங்க தலையில கட்டிருவேன் என்பாள். புண் ஓரத்திலிருந்து ரோஸ் நிறமாக உள்ளே நகர்ந்து வந்தது. மழை பெய்த காட்டில் பச்சை பிடிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. ஊரில் அவளிடம் கட்டுப் போட வரிசை நிற்கும், கட்டட வேலைக்காரன், மில்லுக்காரி, சைக்கிளிலிருந்து விழுந்த வாத்தியார், எல்லாரும். அப்புறம் ஒரு திங்கட்கிழமை போனால் அறையில் அவள் இல்லை. பேசின் இல்லை. ஸ்டூல் வெளியே மரத்தடியில் கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டர், சுவரில் பெரிய படம், சிரிக்கிற குடும்பம், காப்பீட்டு உதவி மையம் என்று எழுதியிருந்தது. அமலி சிஸ்டரை மாவட்டத் தலைநகரில் ஏதோ புது மையத்துக்கு மாற்றிவிட்டார்களாம். சீர்திருத்தம் என்றார்கள். சீர்திருத்தம். அந்த வார்த்தையை அன்றைக்கு வாயில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார், துப்பவும் முடியவில்லை.

பொய் சொல்லக்கூடாது, அந்தக் காப்பீட்டு அட்டை வந்தபோது அவரும்தான் துள்ளினார். டீக்கடையில் உட்கார்ந்து, இனிமேல் கலெக்டர் படுக்கிற ஆஸ்பத்திரியில நானும் படுப்பேன், பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு சாப்பிட்டீங்களான்னு கேப்பேன் என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஊரில் சின்னானுக்கு நெஞ்சடைத்தபோது அந்த அட்டையைக் காட்டித்தான் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள், இன்றைக்கும் அவன் தென்னை மரம் ஏறுகிறான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். சின்னான் பெண்டாட்டி அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். அதெல்லாம் சரி. நான் அட்டையைத் திட்டவில்லை, கேட்டுக்கொள், நீ செய்த மாற்றத்தைத்தான் திட்டுகிறேன். ஒன்றைக் கொடுக்கும்போது இன்னொன்றை ஏன் எடுத்தாய். கம்பி வைக்கிறவனையும் வைத்துக்கொள், கட்டுப் போடுகிறவளையும் வைத்துக்கொள் என்றால் உனக்கு என்ன கட்டுப்படியாகாது. ஒருவேளை உனக்கு மேலே ஒருவன், அவனுக்கு மேலே ஒருவன், அத்தனை பேருக்கும் விரல் பிடிக்க ஒரு துண்டு. வெட்டினால் கணக்கில் ஏறும், படம் பிடிக்கலாம், இத்தனை பேருக்குச் சிகிச்சை என்று மேடையில் சொல்லலாம். வெட்டாமல் காப்பாற்றிய காலை எந்த மேடையில் காட்டுவாய். அது பாட்டுக்கு நடந்து போய்விடும். அமலி சிஸ்டர் காப்பாற்றிய கால்களெல்லாம் அப்படித்தான் நடந்துபோயின, யார் கண்ணிலும் படாமல், பஸ் ஏறி, வயலுக்கு, மில்லுக்கு. யாருக்கும் தெரியாமல் போனதுதான் அவள் செய்த தப்பு.

தஸ்னீம் இரண்டு கட்டில் நெருங்கிவிட்டாள். யாரோ ஒரு பையனின் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறாள். போன தடவையும் இவள்தான். அமலி போன பிறகு வீட்டிலேயே மஞ்சளும் வேப்பெண்ணெயுமாக மயிலாத்தாள் கட்டிப் பார்த்து, இரண்டு விரல் கத்திரிக்காய் மாதிரி கறுத்த பிறகு, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்று இவள் முன்னால்தான் உட்கார்ந்தார். இரண்டு விரலை எடுத்துவிடலாம் ஐயா, கால் தப்பித்துவிடும் என்றாள். முதல் விலை. முப்பது நாற்பது வருஷம் சந்தையில் நின்றவனுக்கு முதல் விலை காதில் விழுந்ததும் உடம்பு தானாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. உதட்டைப் பிதுக்கினார். இதெல்லாம் நமக்குத் தோதுப்படாதுங்க என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நடந்தார். வேகமாக நடக்கக்கூடாது, வேகமாக நடந்தால் நிஜமாகவே போகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள், நாலு எட்டு வைத்துவிட்டு ஒரு தரம் நிற்க வேண்டும், செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரி, பின்னாலிருந்து குரல் வரும், அட வாங்க, என்னதான் சொல்றீங்க. நின்றார். செருப்பைச் சரிபண்ணினார். குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருந்தாள், டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் என்று சொல்வாள், மாத்திரை என்று சொல்வாள், ஒரு வாரம் பார்க்கலாம் என்றாவது சொல்வாள் என்று நினைத்தார். வராண்டா முழுக்க நடந்தார், வாசல்வரை, சைக்கிள் ஸ்டாண்டுவரை. அங்கேயும் நின்றார். ஒரு நாய் பார்த்தது. திரும்பிப் போவதற்கு வெட்கமாக இருந்தது, கூப்பிடாத இடத்துக்குத் திரும்பிப் போகிறவன் என்ன தரகன். அந்த வெட்கத்தோடு பஸ் ஏறியதுதான். சந்தையில் நேரம் போகப் போக விலை இறங்கும், வெயில் ஏற ஏற விற்கிறவன் வழிக்கு வருவான். இங்கே நேரம் போகப் போக விலை ஏறிற்று. விரல், பாதம், முட்டி. இப்படி ஒரு சந்தையை அவர் பார்த்ததில்லை. ஆனால் அதற்கும் நான்தான் குற்றவாளியா என்றார் கூரையைப் பார்த்து. பேரம் பேசினது நான், சரி. பேரம் பேசத் தேவையில்லாத ஒரு அறை இருந்ததே, அதைப் பூட்டினது யார்.

அவர் ஒன்றும் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. மீசை முளைக்காத வயதில் அடுத்தவன் மாட்டை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போய்க் கூலி வாங்கினார். முதன்முதலில் சொந்தக் காசு போட்டு வாங்கிய பசுவுக்கு மடி பானை மாதிரி தொங்கியது, பார்த்து மயங்கி வாங்கிக்கொண்டு வந்தார், மறுநாள் ஒரு படிகூடக் கறக்கவில்லை. விற்றவன் இரண்டு வேளை கறக்காமல் விட்டு மடியை ஊத வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். அன்றைக்குக் கட்டுத்தறியில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் அழவில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்க, நடையைப் பார்க்க, மூச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டார். நடையைப் பார்ப்பதுதான் முக்கியம். சந்தைக்குள் மாடு நுழையும்போதே கால் தூக்கி வைக்கிற விதத்தில் சொல்லிவிடுவார். கால் கெட்ட உருப்படிக்கு அங்கே ஒரே ஒரு விலை. அதைக் கேட்கத் துண்டு வேண்டியதில்லை, விரல் வேண்டியதில்லை, கறிக்கு ஏற்றுகிற லாரிக்காரன் தூரத்தில் நின்றே கையைக் காட்டுவான், எடை விலை. அப்படி ஏற்றிவிட்ட மாடுகள் எத்தனை. அவற்றின் கண்ணை அவர் பார்த்ததில்லை, பார்க்கக்கூடாது என்பது தொழில். இப்போது படுத்துக்கொண்டு அந்தக் கண்களையெல்லாம் பார்க்கிறார். கட்டைக்காலோடு சந்தைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். யாரும் சிரிக்க மாட்டார்கள். அட வாங்கண்ணா, உட்காருங்க, நாற்காலி போடு அண்ணனுக்கு என்பார்கள். டீ வாங்கித் தருவார்கள். யாரும் கையை நீட்ட மாட்டார்கள், விரலைப் பிடிக்க வர மாட்டார்கள். உட்கார்ந்தவனோடு யாரும் பேரம் பேசுவதில்லை. அந்த நாற்காலியை நினைத்துத்தான் பயந்தார். காலை நினைத்து இல்லை.

ஏனுங் மாமா, என்று கீழேயிருந்து மயிலாத்தாள் கூப்பிட்டாள்.

“முட்டி இருந்தா கட்டைக்கால் மாட்டி நடக்கலாமாம். முட்டி போயிட்டா ரொம்பச் சிரமமாம். டாக்டரம்மா என்கிட்டத் தனியாச் சொன்னாங்க.”

“உன்கிட்ட எதுக்குச் சொல்லோணும்?”

“உங்ககிட்டச் சொன்னா வெலை கேப்பீங்கன்னு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வேறு ஏதோவும் வந்தது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் ஒரு எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போனது. கல்யாணமான புதிதில் சீர்ப் பேச்சில் இவள் அப்பனிடமும் அவர் எழுந்து நடந்து பார்த்தார், அந்த ஆள் கூப்பிடவில்லை, இவள்தான் சொம்பில் மோர் கொண்டுவந்து வழியில் நின்றாள். இன்றைக்கு எழுந்து நடப்பதற்கும் கால் இல்லை. முட்டியைக் கையால் தடவினார். வழுக்கையான, வயதான, தழும்பு விழுந்த முட்டி. இதுவரை இதை ஒரு பொருளாக நினைத்ததில்லை. இதை மட்டும் விடமாட்டேன் என்று உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது.

தஸ்னீம் வந்து நின்றாள். இரவெல்லாம் தூங்காத கண். இந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது இருக்கும், எத்தனை பேர் காலை இவள் தனியாகச் சுமக்கிறாள், இவளையும் நீதான் இப்படிப் போட்டிருக்கிறாய், இரண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எடுத்துருங்க அம்மிணி,” என்றார். “முட்டிக்குக் கீழ. அதுக்கு மேல ஒரு நூலு ஏறப்படாது.”

“ஏறாது ஐயா. இன்னைக்கே செஞ்சா ஏறாது.”

மயிலாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நர்ஸ் காகிதத்தை நீட்ட அவர் கையெழுத்துப் போட்டார், பெயரை முழுசாக, கோணாமல். டாக்டரம்மா போகத் திரும்பியவள் என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடி வந்து போர்வையை விலக்கி வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். காசு அகலத்துக்கு ஒரு கொப்புளம், நடுவில் உடைந்து ஈரமாக இருந்தது. எப்போது வந்தது என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது. மயிலாத்தாளுக்கும் தெரியாது, இவ்வளவு நாளும் எல்லாரும் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பயப்பட வேண்டாம், ஆரம்பம்தான்,” என்றாள் தஸ்னீம். “ஆனா இதை விடக்கூடாது. வீட்டுக்குப் போனதும் தினமும் கட்டுப் போடணும். அதுக்காக இவ்வளவு தூரம் வர வேணாம், உங்க ஊர் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கலாம்.”

அவள் இந்த மாவட்டத்துக்குப் புதிது, அந்த அறை போனது தெரியாது. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மயிலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்த அறையில், எந்தக் கையால். ஒரு கால் போய்விட்டது, அதற்கு உன் விலைப்படியே எடுத்துக்கொள், நான் கையெழுத்தே போட்டுவிட்டேன். இந்த வலது கால் இன்னும் என்னுடையது. இதற்கும் நீ ஒரு விலை எழுதி வைத்திருக்கிறாய், தெரியும், அந்தப் பெண் திரையில் அதுவும் இருக்கும், வெட்டினால் உடனே அனுமதி வந்துவிடும். எனக்கு அந்த அனுமதி வேண்டாம். நான் வீடு போய்ச் சேருகிறதுக்குள் அந்த அறையைத் திற. கம்ப்யூட்டரைத் தூக்கி மரத்தடியில் வை, இல்லை உன் வீட்டுக்குக் கொண்டுபோ. அமலி சிஸ்டர்தான் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, கட்டுப் போடத் தெரிந்த யாரையாவது வை, ஒரு ஆள், ஒரு பேசின், தினமும் காலையில். நீ யாராக இருந்தாலும் சரி, எந்த மாடியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, இதைப் பூட்டினவன் நீ, இதைத் திறக்கிறவனும் நீயாகத்தான் இருக்க வேண்டும். நான் விலை கேட்கவில்லை. குறைத்துக் கொடு என்றும் கேட்கவில்லை. திற.